ஓவர்ஹால் முடிந்த விமான எஞ்சினை மழைக்காலம் முழுக்கப் பாளையங்கோட்டையில் வைத்திருக்கலாமா?

பாளை பறவை:

வணக்கம். இங்கே காற்றாலை ஆட்கள், டீசல் ஆட்கள், ஏர்ஃபோர்ஸில் இருந்துவிட்டு வந்தவர்கள் எல்லாரும் இருக்கிறீர்கள், அதனால்தான் இந்தக் கேள்வி. நானும் எங்க அத்தானும் சேர்ந்து ஒரு பழைய செஸ்னா 172 வாங்கி வைத்திருக்கிறோம். விமானம் வெளிமாநிலத்தில் ஒரு ஹேங்கரில் நிற்கிறது. எஞ்சின் லைகாமிங் ஓ-320, நாலு சிலிண்டர். தயாரிப்பாளர் சொல்லும் 2000 மணி நேரம் இன்னும் முடியவில்லை, ஆனால் 12 வருஷக் கணக்கு முடிந்துவிட்டது, அதனால் முழுக்கப் பிரித்துப் புதுப்பிக்கிற ஓவர்ஹாலுக்கு அனுப்பினோம்.

எஞ்சின் வேலை முடிந்துவிட்டது, விமானம்தான் முடியவில்லை. இறக்கையைத் திறந்தபோது உள்ளே அலுமினியத் தகடு அரித்திருந்தது. மாற்றுத் தகடு வெளிநாட்டிலிருந்து வரணும், அது வந்து, ரிவெட் அடித்து, பெயிண்ட் அடித்து, எஞ்சினைப் பொருத்தப் பங்குனி ஆகும் என்கிறார்கள். அவர்கள் பங்குனி என்றால் நான் வைகாசி என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஓவர்ஹால் செய்த இடத்திலோ எஞ்சினை எடுத்துக்கொண்டு போங்கள், இல்லையென்றால் மாதாமாதம் வாடகை என்கிறார்கள். ஹேங்கரில் இடமில்லை. எங்க அப்பாவுக்குப் பாளையில் உரக்கடை குடோன் ஒன்று உண்டு, காங்கிரீட் கூரை, ஒழுகாது, நல்ல பூட்டு. 2023 டிசம்பரில் வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றபோதுகூட எங்கள் குடோனில் அது வாசல்படியோடு நின்றுவிட்டது. அங்கே ஒரு மூலையில் மரப்பெட்டியோடு வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஐப்பசி கார்த்திகை மழை முழுக்க அது அங்கேதான் இருக்கும். விசாரித்தால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். வாரம் ஒரு தடவை கையால் சுற்றி விடு என்கிறார் ஒருவர், கழுத்து வரைக்கும் எண்ணெய் ஊற்றி வை என்கிறார் இன்னொருவர், பிளாஸ்டிக் ஷீட்டை இறுக்கிச் சுற்றி டேப் அடித்துவிடு என்கிறார் மூன்றாமவர். எதைச் செய்வது? எதைச் செய்யவே கூடாது?

நாங்குநேரி டீசல்:

இதுக்கு ஏன் வே இவ்வளவு யோசனை. எஞ்சின் எல்லாம் ஒரே சாதிதான். நான் பம்ப்செட்டு, டிராக்டர், ஜெனரேட்டர் எல்லாம் சீசன் முடிந்து மாதக்கணக்கில் போட்டு எடுக்கிறவன். எண்ணெயை மாற்றி, ஃபுல்லாக ஊற்றி, இஞ்செக்டரைக் கழற்றி சிலிண்டருக்குள் ரெண்டு கரண்டி எண்ணெய் விட்டு, வாரம் ஒருமுறை ஃபிளைவீலைப் பிடித்து நாலு சுற்று சுற்றி விடுங்கள். ரிங் ஒட்டாது, பேரிங் ஒரே இடத்தில் அழுந்தாது. சைலன்சர் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள், எலி போகாது. அவ்வளவுதான்.

கல்லிடை ஃபிட்டர்:

தம்பி, முதலில் ஒன்று. யார் சொன்னாலும் கையால் சுற்றாதீர்கள். நாங்குநேரி அண்ணாச்சி கோபித்துக்கொள்ளக் கூடாது, டீசலில் அவர் சொன்னால் நான் வாய் திறக்க மாட்டேன், ஆனால் இது வேறு எஞ்சின். நான் ஏர்ஃபோர்ஸில் எஞ்சின் ஃபிட்டர், துண்டிகலில் எச்.பி.டி.-32 தீபக் பயிற்சி விமானங்களில் வேலை பார்த்தவன். அதில் இருந்ததும் லைகாமிங்தான், ஆறு சிலிண்டர், 260 குதிரைத்திறன்.

லைகாமிங்கில் வால்வைத் திறக்கிற தண்டான கேம் ஷாஃப்ட் இருப்பது, புரொப்பெல்லரைச் சுற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டுக்கு மேலே, கேஸின் உச்சியில். கீழே எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் அளவுப்படி எண்ணெய் இருந்தாலும் அது கேமைத் தொடவே தொடாது. எஞ்சின் ஓடும்போது தெறிக்கிற எண்ணெய்தான் மேலே போகும். நின்றுவிட்டால், ஏற்கெனவே ஒட்டியிருக்கிற மெல்லிய படலம் மட்டும்தான் காவல். நீங்கள் புரொப்பெல்லர் மாட்டும் முன்முனையான ஃபிளாஞ்சைப் பிடித்து ஒரு சுற்று சுற்றினால் வால்வ் ஸ்பிரிங் அழுத்தத்தில் கேமும், கேம் தள்ளுகிற துண்டான டாப்பெட்டும் உரசி அந்தப் படலத்தை வழித்துவிடும், ரிங்குகள் சிலிண்டர் சுவரில் இருப்பதை வழித்துவிடும், புதிதாக எதுவும் மேலே வராது. ரெண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் அங்கே மிஞ்சுவது வெறும் இரும்பு. இது என் சொந்தச் சரக்கு இல்லை. லைகாமிங்கின் சர்வீஸ் லெட்டர் எல்180-ஐ எடுத்துப் படியுங்கள், எஞ்சினைக் கையால் இழுத்துவிடுவதில் நன்மையை விடக் கெடுதலே அதிகம் என்று காரணத்தோடு போட்டிருப்பான்.

அடுத்தது, உங்களுடையது ஓவர்ஹால் முடிந்த எஞ்சின் என்பதுதான் இதில் பெரிய சிக்கல். சிலிண்டரை ஹோன் பண்ணியிருப்பார்கள், சுவரில் கோடு கோடாகப் புதுக் கீறல் இருக்கும். பல மணி நேரம் பறந்த எஞ்சினில் அந்தச் சுவர் மேல் வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு ஏறியிருக்கும், அது கொஞ்சம் தாங்கும். புதுச் சுவரில் அது கிடையாது. புதிய எஞ்சினோ ஓவர்ஹால் எஞ்சினோ ரெண்டு நாள் சும்மா நின்றாலே சிலிண்டர் சுவரில் அரிப்பு வரலாம் என்று லைகாமிங்கின் ஆப்பரேட்டர் கையேட்டிலேயே இருக்கிறது. ரெண்டு நாள் என்றால் ரெண்டு நாள், நீங்கள் வைகாசி வரை என்கிறீர்கள்.

இதில் கெட்ட விஷயம் என்னவென்றால், கெடுவது அன்றைக்குத் தெரியாது. கேமில் ஊசிமுனை அளவு துருப்புள்ளி விழுந்திருக்கும், எஞ்சின் அழகாக ஸ்டார்ட் ஆகும், அழகாக ஓடும். நூறு இருநூறு மணி கழித்து டாப்பெட் முகம் செதில் செதிலாகப் பெயர்ந்து ஆயில் ஃபில்டரில் இரும்புத்தூளாக வரும். பழைய மாடல் தட்டை டாப்பெட் என்றால் அதை வெளியே எடுக்க கேஸையே இரண்டாகப் பிரிக்கணும், அதாவது இன்னொரு முறை ஓவர்ஹால் செலவு.

கழுத்து வரை எண்ணெய் ஊற்றச் சொன்னவருக்கு: அது கையேட்டில் உள்ள முறை இல்லை. திறந்திருக்கிற வால்வ் வழியாக இன்டேக்குக்குள் இறங்கும், சீல் கசியும், அப்புறம் அத்தனையையும் வடிக்கணும். அதை விட முக்கியம், சாதா எண்ணெய்க்குத் துருவைத் தடுக்கிற சரக்கு போதாது. இதற்கென்றே பிரிசர்வேஷன் ஆயில் இருக்கிறது. ஏரோஷெல் ஃப்ளூயிட் 2எஃப் என்றால் அப்படியே பயன்படுத்தலாம், 2எக்ஸ்.என். என்றால் அது கான்சன்ட்ரேட், ஒரு பங்குக்கு மூன்று பங்கு மினரல் ஏவியேஷன் ஆயில் கலக்கணும். ஓவர்ஹாலுக்குப் பிறகு டெஸ்ட் பெஞ்சில் ஓட்டுவார்கள் இல்லையா, அந்தக் கடைசி ஓட்டத்தில் இந்த எண்ணெயை ஊற்றி ஓட்டி, சூடாக இருக்கும்போதே வடித்து, பிளக் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் தெளித்து முடித்திருக்கணும். கடைசித் தெளிப்புக்குப் பிறகு கிராங்கை அசைக்கவே கூடாது. எனவே குடோனைப் பற்றி யோசிக்கும் முன்னால் ஓவர்ஹால் செய்தவரிடம், என்ன எண்ணெய் போட்டு வைத்திருக்கிறீர்கள், எந்தத் தேதியில், எத்தனை மாதத்துக்குத் தாங்கும், இதை எழுத்தில் வாங்குங்கள்.

நாங்குநேரி டீசல்:

சரி அண்ணாச்சி, கேம் மேலே இருக்கும் என்பது எனக்குப் புதுச் செய்தி. எங்கள் எஞ்சினில் கீழே இருக்கும், அதான் சுற்றினால் ஒன்றும் ஆகவில்லை போல. ஆனால் ஒரு சந்தேகம். சுற்றக் கூடாது, சரி. மாதம் ஒருமுறை பெஞ்சில் ஏற்றி ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் ஓட விட்டால்?

கல்லிடை ஃபிட்டர்:

அது இன்னும் மோசம். பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் வரும், அந்த ஆவி ரிங்கைத் தாண்டி கேஸுக்குள் இறங்கும். எண்ணெய் குறைந்தது 165 டிகிரி ஃபாரன்ஹீட், நம்ம கணக்கில் 74 டிகிரி செல்சியஸ், தொட்டு நின்றால்தான் அந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியே போகும். தரையில் பத்து நிமிஷத்தில் அது நடக்காது. உள்ளே தண்ணீரும் அமிலமும் சேர்த்து வைத்துவிட்டு மூடின கணக்காகிவிடும். அதோடு, புது ரிங் உட்காருவதற்கு முதல் சில மணி நேரம் நல்ல பவரில் ஓட வேண்டிய எஞ்சினைச் சும்மா ஐடிலிங்கில் ஓட்டினால் சிலிண்டர் சுவர் பளபளப்பாகி ரிங் கடைசிவரை உட்காராது, எண்ணெய் குடித்துக்கொண்டே இருக்கும்.

கயத்தாறு காத்தாடி:

நான் காற்றாலை பராமரிப்பில் இருக்கிறேன், கயத்தாறிலும் பணகுடிப் பக்கமும். விமான எஞ்சினைத் தொட்டதில்லை, ஆனால் கியர்பாக்ஸ், பேரிங், ஜெனரேட்டர் எல்லாம் வருஷக்கணக்கில் ஸ்டோரில் வைத்துக் காப்பாற்றுவது எங்கள் பிழைப்பு, அதனால் அந்தப் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

முதலில் உரக்கடை குடோன் வேண்டவே வேண்டாம். கூரையோ வெள்ளமோ அங்கே பிரச்சினை இல்லை, யூரியா மூட்டைதான். ஈரக் காற்றில் அது கசிந்து அம்மோனியா வாடை வரும், உங்களுக்குப் பழகிப்போய் மூக்கில் ஏறாது. அம்மோனியாவுக்குச் செம்பு, பித்தளை என்றால் குலவிரோதம். எஞ்சினில் பித்தளை ஃபிட்டிங், கார்புரேட்டருக்குள் பித்தளை மிதவை, பிளக்குக்குப் பொறி கொடுக்கிற மேக்னெட்டோவுக்குள் செம்புக் கம்பி எல்லாம் இருக்கும். இழுவிசையில் இருக்கிற பித்தளை அம்மோனியா பட்டு விரிசல் விடும், வெளியே ஒரு அடையாளமும் தெரியாமல். பொட்டாஷ் மூட்டை என்றால் அது குளோரைடு, உப்பின் தம்பி. பக்கத்தில் பேட்டரி சார்ஜ் போடுகிறார்களா, பிளீச்சிங் பவுடர் டிரம் இருக்கிறதா, அதையும் பாருங்கள். உரம் இல்லாத ஒரு சாதாரண அறை, கூரையில் காங்கிரீட், ஜன்னல் சின்னது, அது போதும்.

ரெண்டாவது, பிளாஸ்டிக் சுற்றுவது. நம்ம ஊர் தட்பவெப்பத்தை யோசியுங்கள். மழை விட்ட மறுநாள் பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், காற்றில் ஈரம் நிறைந்திருக்கும், ராத்திரி குளிரும். 110 கிலோவுக்கு மேலுள்ள இரும்பும் அலுமினியமும் மெதுவாகத்தான் சூடேறும். காலையில் உலோகம் இன்னும் குளிர்ந்திருக்கையில் ஈரக்காற்று அதைத் தொட்டால் பனி பூத்த மாதிரி தண்ணீர் படியும். ஷீட்டை வெறுமனே இறுக்கிச் சுற்றினால் உள்ளே மாட்டிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே தினமும் ஆவியாகித் தினமும் படியும். ஆகவே சுற்றலாம், ஆனால் உள்ளே ஈரம் உறிஞ்சியோடு சேர்த்துத்தான் சுற்றணும். சிலிக்கா ஜெல்லுக்கு எங்கேயும் அலைய வேண்டாம், ஈ.பி. டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு கண்ணாடிக் குடுவை தொங்கும் பாருங்கள், நீலக் குருணை போட்டது, அதே சரக்குதான், ஜங்ஷனில் பெரிய எலக்ட்ரிக்கல் கடைகளில் கேளுங்கள். நீலமாக இருந்தால் காய்ந்திருக்கிறது, ரோஸ் ஆனால் ஈரம் குடித்துவிட்டது.

பெட்டிக்குள் ஒரு சின்ன டிஜிட்டல் ஈரமானி வையுங்கள். இரும்புக்கு 60 சதவீதம்தான் எல்லை மாதிரி, அதைத் தாண்டினால் துரு வேகம் எடுக்கும். நாங்கள் 40-க்குக் கீழே வைக்கப் பார்ப்போம். சித்திரையில் பாளையில் நீங்கள் ஒன்றுமே செய்யாமல் பகலில் அது கிடைக்கும், ஐப்பசியில் ஜெல் இல்லாமல் வாய்ப்பே இல்லை.

அப்புறம் பெட்டியை சிமெண்ட் தரையில் வைக்காதீர்கள், தரை ஈரம் இழுக்கும். காய்ந்த மரத்தில் பேலட் அடித்து அதன் மேல். பச்சை மரம் கூடாது, அதுவே ஈரத்தையும் அமில ஆவியையும் விடும். துருவைத் தடுக்கிற ஆவி விடும் வி.சி.ஐ. ஷீட் பற்றியும் யாராவது சொல்லுவார்கள், நாங்கள் பயன்படுத்துகிறோம், ஆனால் விமான எஞ்சினில் ஓவர்ஹால் செய்தவர் சம்மதம் இல்லாமல் போடாதீர்கள்.

முத்துநகர் மாப்ளே:

பாளைக்கே இவ்வளவு யோசிக்கிறீர்கள், நல்லவேளை தூத்துக்குடியில் வைக்கவில்லை. எங்கள் வீட்டில் உப்பளக் காற்றுக்கு ஜன்னல் கம்பி வருஷம் ஒருமுறை பெயிண்ட் கேட்கும். வாகைக்குளம் ஏர்போர்ட்டில் ஹேங்கர் ஏதும் கிடைத்தால்கூட பெட்டியைத் திறந்து போட்டு வைக்காதீர்கள், கடல் அங்கிருந்து தூரமே இல்லை.

வெள்ளம் ஏறவில்லை என்கிற தைரியமும் வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, அதற்கு முந்தின வாரம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். மாடி அறை இருந்தால் மாடி. இல்லையென்றால் இடுப்பு உயரத்துக்கு இரும்பு ஸ்டாண்டு.

தென்காசி ஏ.எம்.இ.:

நான் லைசென்ஸ் உள்ள விமானப் பராமரிப்பு இன்ஜினியர், சொந்த ஊர் தென்காசி, வேலை வெளியூரில். மேலே சொன்ன தொழில்நுட்பம் பெரும்பாலும் சரி, ஃபிட்டர் அண்ணாச்சி சொன்னதில் ஒரு வரிகூட மாற்ற மாட்டேன். ஆனால் எல்லாரும் எஞ்சினைப் பற்றியே பேசுகிறீர்கள், காகிதத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

ஓவர்ஹால் செய்தவர் விமானப் பராமரிப்புக்கான சி.ஏ.ஆர். 145 அங்கீகாரம் உள்ளவர் என்றால் எஞ்சினோடு, பொருத்தத் தகுதியானது என்று சொல்லும் சான்றான சி.ஏ. ஃபார்ம் 1 கொடுத்திருப்பார். நாளைக்கு உங்கள் விமானத்தில் அதைப் பொருத்திக் கையெழுத்துப் போடப் போகிற இன்ஜினியர் அந்தக் காகிதத்தை மட்டும் பார்க்க மாட்டார். அன்றிலிருந்து இன்றுவரை எங்கே இருந்தது, யார் பொறுப்பில், தயாரிப்பாளர் சொன்ன முறையில் வைத்திருந்தார்களா, ஜெல்லை யார் எப்போது பார்த்தார்கள் என்று கேட்பார். உரக்கடை குடோனில் இருந்தது சார் என்று நீங்கள் சொன்னால், நானாக இருந்தால் சிலிண்டரைக் கழற்றிப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். அங்கீகாரம் உள்ள ஸ்டோர் என்றால் பூட்டு, ஈரப்பதப் பதிவு, நல்ல பாகம் ஒரு பக்கம் கெட்ட பாகம் ஒரு பக்கம் எனத் தனித்தனி அடுக்கு எல்லாம் விதிப்படி இருக்கும்.

அதனால் என் கருத்து, வாடகையைக் கட்டிவிட்டு எஞ்சினை ஓவர்ஹால் செய்த இடத்திலேயே விடுங்கள். ஏழெட்டு மாத வாடகை எவ்வளவு என்று கேட்டு, ஒரு சிலிண்டரைக் கழற்றி மாட்டும் செலவோடு வைத்துப் பாருங்கள். அதோடு, அவர்கள் கையில் இருக்கும்வரை அது அவர்கள் பொறுப்பு, துரு வந்தால் அவர்கள் பேசணும். நீங்கள் லாரியில் ஏற்றிய நிமிஷத்திலிருந்து அது உங்கள் தலையில். வாரண்டி எப்போது தொடங்குகிறது, டெலிவரி தேதியிலா முதல் ஓட்டத்திலா என்பதையும் காகிதத்தில் பாருங்கள், அது ஆளுக்கு ஆள் மாறும். விமானத்தின் பராமரிப்புக் கணக்கைக் கவனிக்கிற உங்கள் கேமோ நிறுவனத்திடமும் ஒரு வார்த்தை எழுத்தில் கேட்டு வைத்துவிடுங்கள்.

எடுத்துத்தான் ஆகணும் என்றால், பெட்டியை மூடும் முன் நேரில் போய் நின்று பாருங்கள். எட்டு ஸ்பார்க் பிளக் துளையிலும், பிளக்குக்குப் பதிலாகத் திருகுகிற ஈரம் உறிஞ்சியான டிஹைட்ரேட்டர் பிளக் போட்டிருக்கணும், கண்ணாடி மாதிரி தெரியும், உள்ளே ஜெல். எக்ஸாஸ்ட் வாய், இன்டேக் வாய், கேஸ் மூச்சு விடுகிற பிரீதர் குழாய், எண்ணெய்க் குழாய் முனை, பெட்ரோல் முனை, வேக்கம் பம்ப் இருக்கிற இடம், இத்தனையும் மூடியிருக்கணும், மூடியில் சிவப்பு நாடா தொங்கணும். துணி அடைப்பது மூடி ஆகாது. நம்ம ஊரில் ஒரு விரல் நுழையும் துளையை விட்டால் போதும், குளவி மண் கூடு கட்டிவிடும், ஆயில் பாதைக்குள் அந்த மண் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிராங்க் முன்பக்க ஃபிளாஞ்ச் வெறும் இரும்பு, அதன் நடுத் துளையின் உட்சுவரும் அப்படியே. அந்தத் துளைக்குள் வரும் அரிப்புக் குழிகளுக்காகவே 1998-இல் அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. இந்த வகை லைகாமிங்குகளுக்குத் தனியாக ஓர் ஆய்வு உத்தரவு போட்டது. அங்கே பூச்சு இருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். பெட்டி மேல், கிராங்கைச் சுற்றாதே, பிரிசர்வேஷனில் உள்ளது என்று தமிழிலும் இந்தியிலும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். குடோனுக்கு வருகிற லோடுமேன் முதலில் செய்வது ஃபிளாஞ்சைப் பிடித்து ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பதுதான்.

பாளை பறவை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. உரக்கடை குடோன் கேன்சல். அப்பாவிடம் யூரியா விஷயத்தைச் சொன்னேன், அதான் நம்ம கடைத் தராசு பித்தளையெல்லாம் பச்சை பூக்கிறதா என்று கேட்டார்.

ஓவர்ஹால் செய்த இடத்தில் பேசினேன். பிரிசர்வேஷன் ஆயிலில்தான் கடைசியாக ஓட்டினார்களாம், டிஹைட்ரேட்டர் பிளக் போட்டிருக்கிறார்களாம், தேதியோடு எழுதித் தருகிறார்கள். வாடகையும் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறார்கள், ஆனால் தை வரைக்கும்தான், அதற்குப் பிறகு அவர்கள் இடம் மாறுகிறார்கள். ஆக மழைக்காலம் அங்கே கழிந்துவிடும், கடைசி சில மாதம் மட்டும் எங்கேயாவது வைக்கணும். எங்கள் வீட்டு மாடி அறை இருக்கிறது. அதில் ஏ.சி. போட்டு வைத்தால் ஈரம் குறையுமா? இன்னொன்று, மீன்தொட்டி பம்ப்பை வைத்து ஜெல் வழியாகக் காற்றை எஞ்சினுக்குள் சுற்ற விடலாம் என்று வெளிநாட்டில் நிறையப் பேர் செய்கிறார்களே, அது?

கயத்தாறு காத்தாடி:

மீன்தொட்டி பம்ப் நல்ல யோசனை என்றுதான் சொல்வேன். ஜெல் நிரப்பிய ஜாடி, அதிலிருந்து பம்ப், பம்ப்பிலிருந்து ஒரு குழாய் எஞ்சின் ஆயில் ஊற்றும் வாய்க்கு, பிரீதரிலிருந்து இன்னொரு குழாய் திரும்ப ஜாடிக்கு. திரும்பி வருகிற குழாய்தான் முக்கியம், அதை விட்டுவிட்டால் வெளிக்காற்றை இழுத்து ஒரே வாரத்தில் ஜெல்லை ரோஸ் ஆக்கிவிடும். ஏ.சி.யைப் பற்றி, ஓடும்போது ஈரம் குறையும், கரண்ட் போனால் குளிர்ந்த எஞ்சின் மேல் வெளியிலிருந்து வரும் சூடான ஈரக்காற்று படியும். ஒன்று இருபத்துநாலு மணி நேரமும் ஓடணும், இல்லை போடவே கூடாது. எனக்கு ஏ.சி. பிடிக்கவில்லை.

தென்காசி ஏ.எம்.இ.:

பம்ப் விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ளவில்லை. விமானத்தில் மாட்டி, பறந்துகொண்டிருக்கிற எஞ்சினுக்கு அது நல்ல ஏற்பாடு, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் உங்களுடையது ஏற்கெனவே ஓவர்ஹால் செய்தவர் மூடி முத்திரை வைத்துக் கொடுக்கிற எஞ்சின். குழாய் மாட்ட நீங்கள் மூடியைத் திறக்கணும், திறந்த நிமிஷத்தில் அவர்கள் எழுதிக் கொடுத்த காகிதத்துக்கு மதிப்பு போச்சு. பம்ப்பின் ரப்பர் தூள், ஜெல்லின் தூள் உள்ளே போகாது என்று யார் உத்தரவாதம்? அப்படியே செய்தால் நடுவில் நல்ல ஃபில்டர் வேண்டும். மூடியது மூடியபடி இருக்கட்டும், டிஹைட்ரேட்டர் பிளக்கை மட்டும் வாரம் ஒருமுறை வெளியிலிருந்தே பாருங்கள், நிறம் மாறினால் ஒவ்வொன்றாகக் கழற்றி உடனே புதியதை மாட்டுங்கள், எட்டையும் ஒன்றாகக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பார்த்த தேதியையும் நிறத்தையும் ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

பங்குனியோ வைகாசியோ, பொருத்துகிற நாளுக்கும் ரெண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். உள்ளே தெளித்த எண்ணெய் சிலிண்டருக்குள் கீழே தேங்கியிருக்கும். கீழ்ப் பிளக் துளைகளைத் திறந்து வடித்து, திறந்தபடியே கையால் சில சுற்று சுற்றி மிச்சத்தையும் வெளியேற்றிய பிறகுதான் பிளக் போடணும். அன்றைக்குத்தான் சுற்ற அனுமதி. இல்லையென்றால் ஸ்டார்ட்டர் தட்டியதும் அமுங்காத எண்ணெய் பிஸ்டனைத் தடுத்து, அதாவது ஹைட்ராலிக் லாக் ஆகி, கனெக்டிங் ராடு வளையும். ரெண்டாவது, பிரீ ஆயிலிங், அதாவது ஸ்டார்ட்டுக்கு முன்பே எண்ணெயை உள்ளே ஏற்றுவது. மேல் பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுற்றி ஆயில் பிரஷர் குறைந்தது 20 பி.எஸ்.ஐ. காட்டிய பிறகே முதல் ஸ்டார்ட். சர்வீஸ் இன்ஸ்ட்ரக்ஷன் 1241-இல் முழு முறையும் இருக்கிறது. ஊற்றுவது சாதா மினரல் ஏவியேஷன் ஆயில், 50 மணி நேரம் அல்லது எண்ணெய்ச் செலவு ஒரு நிலைக்கு வரும்வரை.

கல்லிடை ஃபிட்டர்:

பம்ப்பைப் பற்றி ஏ.எம்.இ. தம்பி சொன்னதுதான் சரி, மூடியதைத் திறக்க வேண்டாம். ஜெட் எஞ்சின்களை இரும்பு உருளைக்குள் அடைத்து உள்ளே காய்ந்த காற்றை அழுத்தி வைத்திருப்பார்கள், வெளியே ஒரு சின்ன ஜன்னலில் ஈரம் காட்டும் அட்டை. முறை வைத்து ஒருவர் அதைப் பார்த்துப் பதிவு பண்ணுவார், பெட்டியை யாரும் தொட மாட்டார்கள்.

மாடி அறையில் வைக்கும்போது கூரைக்கு நேர் கீழே வெயில் சூடு இறங்கும் பக்கம் வேண்டாம், உள்சுவர் ஓரம். மாடிப்படியில் எஞ்சினை ஆட்கள் தூக்கிச் சுமக்க விடாதீர்கள், செயின் புல்லி, தூக்கும் வளையம் கேஸின் மேல் இருக்கும், அதில் மட்டும் மாட்டணும், குளிர்காற்றைத் திருப்பி விடுகிற பேஃபிள் தகட்டையோ இன்டேக் குழாயையோ பிடித்து யாரும் இழுக்கக் கூடாது.

பாளை பறவை:

சரி, பம்ப் வேண்டாம், ஏ.சி.யும் வேண்டாம். பெட்டியைச் சுற்றி ஷீட், உள்ளே ஜெல் பை, ஈரமானி, நோட்டு. கடைசியாக ஒன்று, ரோஸ் ஆன ஜெல்லை வீட்டு ஓவனில் வறுத்து மறுபடி பயன்படுத்தலாம்தானே?

கயத்தாறு காத்தாடி:

வறுக்கலாம், 120 டிகிரி அளவில் சில மணி நேரம், தட்டில் மெல்லிசாகப் பரப்பி, அடிக்கடி கிளறி. நீலம் திரும்பியதும் சூடாகவே காற்றுப்புகாத டப்பாவில் அடைத்துவிடணும், வெளியே ஆற விட்டால் அதற்குள் மறுபடி ஈரம் குடித்துவிடும். ரொம்பச் சூடேற்றினால் நிறம் போய்விடும், அப்புறம் காய்ந்ததா ஈரமா என்றே தெரியாது. ஆனால் சமைக்கிற ஓவனில் வேண்டாம். நீல நிறம் கோபால்ட் குளோரைடு, விஷம். பழைய ஓவன் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஆரஞ்சு நிற ஜெல் கிடைக்கும், அதில் கோபால்ட் இல்லை, ஈரம் குடித்தால் பச்சையாகும். டிஹைட்ரேட்டர் பிளக்கில் இருக்கிற ஜெல்லை மட்டும் வறுத்துப் போடாதீர்கள், எட்டுப் பிளக்குக்குப் புதியது வாங்குவதில் ஒன்றும் பெரிய செலவில்லை.